மிசிசிப்பி ஜான் ஹர்ட்டைக் கேட்பது எப்படி: கட்டைவிரலில் இருந்து ஆரம்பியுங்கள்

முதலில் ஒரு இயர்போன் எடுத்துக்கொள்ளுங்கள். பஸ் ஸ்டாண்டில் விற்கிற நூறு ரூபாய் இயர்போன் போதும், போன் ஸ்பீக்கரில் மட்டும் கேட்க வேண்டாம். அமெரிக்காவின் பழைய ப்ளூஸ் பாடகர் மிசிசிப்பி ஜான் ஹர்ட்டின் பாட்டில் பாதி உயிர் அவருடைய வலதுகைக் கட்டைவிரலில் இருக்கிறது. கிட்டாரின் தடித்த தந்திகளில் அந்த விரல் நிற்காமல் நடந்துகொண்டே இருக்கும், அந்தக் கனத்த சத்தத்தைத்தான் போன் ஸ்பீக்கர் அப்படியே விழுங்கிவிடுகிறது. மிஞ்சுவது தூரத்தில் யாரோ முனகுகிற மாதிரி ஒரு குரலும் மேலே கொஞ்சம் தந்திச் சத்தமும்தான். அதைக் கேட்டுவிட்டு "இதுல என்ன இருக்கு?" என்று மூடிவைத்தவர்கள் என் சிநேகிதர்களிலேயே இரண்டு மூன்று பேர் உண்டு. இயர்போனைக் காதில் மாட்டித் திரும்பக் கேட்கச் சொன்னேன், அதே ஆட்கள் ராத்திரி போன் பண்ணி ஒரு மணி நேரம் அதைப் பற்றியே பேசினார்கள்.

ப்ளூஸ் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் பிறந்த பாட்டு வகை. அதைக் கேட்டே பழக்கமில்லாதவர்களுக்காக, அதிலும் நம் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அந்தப் பக்கம் போக எத்தனையோ வாசல் இருக்கிறது. சார்லி பேட்டன், பிளைண்ட் லெமன் ஜெபர்சன், ராபர்ட் ஜான்சன் எல்லாம் பெரிய ஆட்கள். ஆனால் அவர்களில் சிலர் குரல் முதல் நாளே புது ஆளை மிரட்டிவிடும், அப்புறம் திரும்பி வரமாட்டார்கள். ஹர்ட் திண்ணையில் நம் பக்கத்தில் உட்கார்ந்து பாடுகிற மாதிரி பாடுவார், சத்தம் போடமாட்டார். அதோடு 1928-இல் அவர் பாடி அப்போது இசைத்தட்டாக வெளிவந்தவை மொத்தமே 12 பாட்டு, ஒவ்வொன்றும் மூன்று நிமிஷம் சுமாருக்கு. அம்பாசமுத்திரத்தில் பஸ் ஏறினால் திருநெல்வேலி ஜங்ஷன் வருவதற்குள் அத்தனையையும் கேட்டு முடித்துவிடலாம், முடித்தபிறகு பிடித்ததை இரண்டாம் தடவை போடவும் நேரம் இருக்கும்.

ஆள் யார், ஊர் எது

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் டியாக் என்ற இடத்தில் 1890-களின் தொடக்கத்தில் பிறந்தவர். வளர்ந்ததும் வாழ்ந்ததும் பக்கத்தில் ஆவலான் என்ற சின்ன ஊரில். இந்த ஊர்ப் பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதுதான் கதையே. மிசிசிப்பி டெல்டா என்றதும் கடலில் ஆறு கலக்கிற இடம் என்று நினைத்துவிட வேண்டாம், அது மிசிசிப்பி ஆற்றுக்கும் யாசூ ஆற்றுக்கும் நடுவே வெள்ளம் கொண்டுவந்து கொட்டிய வண்டல் சமவெளி, கண்ணுக்கெட்டிய தூரம் பருத்தி. கோவில்பட்டி, சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசக்காட்டில் பருத்தி வெடித்துக் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்த வெள்ளையை நான் விளக்க வேண்டியதில்லை. அங்கே உழுத கறுப்பின மக்களில் மிகப் பலர் வாரத்துக்கு உழுதவர்கள், விளைந்ததில் பாதி நிலத்துக்காரருக்கு, மிச்சத்தில் கடைக்கடன் கழிந்தது போகக் கையில் ஒன்றும் நிற்காது. ஆவலான் அந்தச் சமவெளி முடிந்து மேடும் குன்றும் தொடங்குகிற விளிம்பில் இருக்கிறது. எனக்கு அதை நினைக்கும்போதெல்லாம் கடையம், ஆழ்வார்குறிச்சி, பாபநாசம் வரிசைதான் கண்ணில் வரும், வயல் முடிந்து மலை ஏறுகிற இடம்.

ஹர்ட் ஒன்பது வயசில் கிட்டாரைத் தொட்டவர். வாத்தியார் என்று யாரும் கிடையாது, கேட்டதைத் தன் விரலுக்கு வந்தபடி வாசித்துப் பழகினார். வயல் வேலை, மாடு, நடுவில் கொஞ்ச மாதம் ரயில் பாதையில் கூலி வேலை, ராத்திரியானால் ஊரில் நடக்கிற ஆட்டங்களுக்கு வாசிப்பு. வில்லி நார்மர் என்ற வெள்ளைக்காரப் பிடில்காரர் பக்கத்து ஊர்க்காரர், அவருடைய வழக்கமான கிட்டார்க்காரர் வராத நாளில் ஹர்ட் போய் வாசிப்பார். கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாக உட்காரக் கூடாது என்று சட்டமே இருந்த காலம் அது, அதனால் இதை ஒரு வரியில் தாண்டிப் போக எனக்கு மனசில்லை. அந்த நார்மர்தான் ஓகே என்ற இசைத்தட்டு கம்பெனியின் டாமி ராக்வெல்லிடம் "எங்க ஊரில் ஒருத்தர் இருக்கிறார்" என்று ஹர்ட்டின் பெயரைச் சொன்னது.

1928 பிப்ரவரி 14-ஆம் தேதி மெம்பிஸ் நகரத்தில் முதல் ஒலிப்பதிவு. ஒரு பெரிய கூடம், அதற்குள் ராக்வெல், ஒரு இன்ஜினியர், இவர், அவ்வளவுதான். மைக்கை வாய்க்கு நேராகக் கொண்டுவந்து வைத்துவிட்டு, சரியான இடம் கிடைத்ததும் தலையை அசைக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். பயத்தோடு கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டே பாடியதில் அப்புறம் பல நாள் கழுத்து வலித்தது என்று வயதான காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். அன்று பாடியதில் 'ஃபிராங்கி', 'நோபடீஸ் டர்ட்டி பிசினஸ்' என்ற இரண்டும்தான் வெளிவந்தன. பெயருக்கு முன்னால் 'மிசிசிப்பி'யைச் சேர்த்தது கம்பெனி, விற்பனைக்காக. டிசம்பரில் நியூயார்க்குக்குக் கூப்பிட்டு 21-ஆம் தேதியும் 28-ஆம் தேதியும் மிச்சத்தைப் பதிவு செய்தார்கள். அடுத்த வருஷம் பங்குச் சந்தை சரிந்தது, இசைத்தட்டு வாங்க யாரிடமும் காசில்லை, அவரை மறுபடி யாரும் கூப்பிடவில்லை. வயலுக்குத் திரும்பிவிட்டார்.

இரைச்சலைப் பற்றி

1928-இன் பதிவைப் போட்டதும் முதலில் காதில் விழுவது சரசர என்ற சத்தம். நிமிஷத்துக்கு 78 சுற்று சுற்றுகிற அந்தக் காலத் தட்டுகள் அரக்கில் செய்தவை, அந்த அரக்கில் பெரும்பங்கு நம் நாட்டுக் காடுகளில் இருந்து போனதுதான். ஊசி ஒவ்வொரு தடவை ஓடும்போதும் தட்டு கொஞ்சம் தேயும், இன்று நாம் கேட்பதெல்லாம் யாரோ வீட்டில் தேயத் தேயக் கேட்டு மிஞ்சிய தட்டுகளில் இருந்து எடுத்தது. ஓலைக்கூரையில் தூறல் விழுகிற சத்தம் மாதிரி அது பாட்டுக்கு இருக்கட்டும். மூன்றாவது பாட்டில் காது அதைத் தள்ளிவைத்துவிடும், நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். இரைச்சலை முழுசாக வழித்தெடுத்த பதிவுகளும் கிடைக்கின்றன. அவற்றை ஒதுக்கிவிடுங்கள், இரைச்சலோடு சேர்த்து நகம் தந்தியைத் தொடுகிற அந்தக் கூர்மையும் போயிருக்கும்.

தேடும்போது அவர் பெயரோடு 1928 என்ற எண்ணையும் சேர்த்துத் தேடுங்கள். இது முக்கியம். அதே பாட்டுகளை அவர் 1963-க்கு அப்புறம் எழுபது வயசில் திரும்பப் பாடியிருக்கிறார், இரண்டும் கலந்து கட்டித்தான் எல்லா இடத்திலும் கிடக்கும். தலைப்பை வைத்துப் பாதி கண்டுபிடிக்கலாம்: 1928-இல் 'கேண்டி மேன் ப்ளூஸ்', 'ஸ்டாக் ஓ லீ ப்ளூஸ்' என்று இருந்தவை பின்னாளில் 'கேண்டி மேன்', 'ஸ்டேகொலீ' என்று சுருங்கியிருக்கும். மிச்சத்துக்கு இரைச்சலே அடையாளம், சுத்தமாக இருந்தால் பெரும்பாலும் அது பிந்தியது.

எந்தப் பாட்டு முதலில்

'லூயிஸ் காலின்ஸ்' முதலில். இதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. ஒருவன் சுட்டுக் கொல்லப்படுகிறான், அவன் அம்மா அழுகிறாள், ஊரே துக்கத்துக்குக் கிளம்புகிறது, தேவதூதர்கள் அவனை மண்ணுக்குள் கிடத்துகிறார்கள் என்று ஒவ்வொரு அடிக்கும் பிறகு திரும்பத் திரும்ப வருகிறது. ஊரார் பேசிக்கொண்டதைக் கேட்டு ஹர்ட் தானே கட்டிய பாட்டு. விஷயம் முழுக்க ஒப்பாரி, பாடுவதோ தாலாட்டு மாதிரி. குரல் ஒரு இடத்தில்கூட உயராது, உடையாது. நம் ஆச்சிமார் ஒப்பாரி வைக்கும்போது முதல் நாள் ஒரு குரலும், பதினாறு முடிந்து எல்லாரும் போனபிறகு தனியாக உட்கார்ந்து அரிசி புடைக்கும்போது வேறு ஒரு குரலும் இருக்கும் பாருங்கள், அந்த இரண்டாவது குரல் இது.

இரண்டு தடவை வார்த்தைக்காகக் கேளுங்கள். மூன்றாம் தடவை பாடுகிறவரை மறந்துவிட்டுக் கட்டைவிரலை மட்டும் கேளுங்கள். தொம், தொம், தொம், தொம் என்று ஒரே சீராக, ஒரு தந்தி மாற்றி ஒரு தந்தி, ஆரம்பத்தில் இருந்து கடைசி வரை. அதற்கு மேலே மெல்லிய தந்திகளில் இரண்டு விரல்கள் பாட்டின் மெட்டையே வாசிக்கும். ஒரே ஆள், ஒரே கிட்டார், பிற்பாடு ஒட்டிச் சேர்த்தது எதுவும் கிடையாது.

எங்கள் தெருவில் ஒரு பெரியப்பா இருக்கிறார், சின்ன வயசில் கொடை விழாக்களில் வில்லுக்குக் குடம் அடித்தவர். ஒருநாள் அவர் காதில் இயர்போனை வைத்து இந்தப் பாட்டைப் போட்டேன். இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார், வலது கை தானாகத் தொடையில் தட்ட ஆரம்பித்தது.

"எத்தன பேருல வாசிக்காவ?"

"ஒரே ஆளுதான் பெரியப்பா."

இன்னொரு தடவை போடச் சொன்னார். முடிந்ததும் இயர்போனைக் கழற்றிக்கொண்டே சொன்னார், "இவரு கட்டவெரலுலயே கொடம் அடிக்காருல்லா."

நான் படித்த எந்த விளக்கத்தையும்விட இது எனக்கு உதவியது. வில்லுப்பாட்டில் அண்ணாவி கதையை எங்கே வேண்டுமானாலும் இழுப்பார், நிறுத்துவார், பேசுவார், உடுக்கு குறுக்கே புகும், ஜால்ரா ஒரு பக்கம் போகும், குடம் மட்டும் அதுபாட்டுக்கு கும் கும் என்று அடியைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஹர்ட்டின் கட்டைவிரல் அந்த வேலையைத்தான் செய்கிறது. அப்புறம் பின்பாட்டு: அண்ணாவி ஒரு அடியை முடிக்கும் முன்பே பின்பாட்டுக்காரர் கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொள்வார் அல்லவா? ஹர்ட்டும் சில இடங்களில் அடியைப் பாதியில் விட்டுவிடுவார், மிச்சத்தைக் கிட்டார் பாடி முடிக்கும். பிந்திய பதிவுகளில் இது இன்னும் அதிகம். குடமும் பின்பாட்டும் கேட்டு வளர்ந்த காதுக்கு இவர் அந்நியமே இல்லை.

அடுத்தது 'ஃபிராங்கி'யும் 'ஸ்டாக் ஓ லீ ப்ளூஸ்'ம், இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். இரண்டும் செயின்ட் லூயிஸ் நகரத்தில் நிஜமாக நடந்த கொலைகள். 1895 கிறிஸ்துமஸ் ராத்திரி லீ ஷெல்டன் என்பவன் பில்லி லயன்ஸ் என்பவனை ஒரு சாராயக் கடையில் சுட்டான், சண்டை ஒரு தொப்பிக்காக. 1899-இல் ஃபிராங்கி பேக்கர் என்ற பெண் தன் காதலனைச் சுட்டாள். ஆற்றோரத்து ஊர்களில் வாய்வழியாகவே பரவி, முப்பது வருஷம் கழித்து ஆவலானில் ஒரு விவசாயியின் வாயில் வந்து நிற்கும்போது பெயர்கள் திரிந்திருக்கின்றன, சம்பவம் நிற்கிறது. நம் சந்தைகளிலும் ரயில்களிலும் மட்டமான தாளில் அச்சடித்த கொலைச்சிந்துப் புத்தகத்தைப் பாடிப் பாடி விற்றவர்களை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், நிறையப் பேர் பார்த்திருப்பார்கள். செம்புலிங்கம் கதை நம் பக்கம் பரவியதும் இந்த வழியில்தான். பத்திரிகை போய்ச் சேராத இடத்துக்குப் பாட்டு போய்ச் சேர்ந்திருக்கிறது. 'ஃபிராங்கி'யில் வேகத்தைக் கவனியுங்கள், மெம்பிஸில் அந்த விறைத்த கழுத்தோடு வாசித்தது இது. அந்த வேகத்திலும் கட்டைவிரல் ஒரு இடத்தில் தடுமாறவில்லை.

மூன்றாவது 'ஸ்பைக் டிரைவர் ப்ளூஸ்'. ஜான் ஹென்றி என்று ஒரு ரயில்வே கூலியாள், பாறையில் துளை போடும் நீராவி இயந்திரத்தோடு சுத்தியலால் போட்டி போட்டு ஜெயித்து, அந்த இடத்திலேயே செத்தான் என்பது அமெரிக்கா முழுக்கத் தெரிந்த கதை. மற்றவர்கள் அவனை வீரனாக வைத்துப் பாடுவார்கள். ஹர்ட் பாட்டில் பேசுவது அவனுக்குப் பிறகு அந்தச் சுத்தியலை வாங்கிய ஆள். ஜான் ஹென்றியைக் கொன்றது இந்தச் சுத்தியல்தான், என்னைக் கொல்லாது, கொண்டுபோய் மேஸ்திரியிடம் கொடு, நான் போய்விட்டேன் என்று சொல் என்கிறான். ரயில் பாதையில் கூட வேலை பார்த்த ஒருவரிடம் ஹர்ட் கற்றுக்கொண்ட பாட்டு. எனக்கு இந்த 12 பாட்டிலும் மனசுக்கு நெருக்கமானது இதுதான். எங்கள் மதினி மடியில் சொளவை வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தபோது ஒரு தடவை இதை ஸ்பீக்கர் வைத்துப் போட்டேன், இலையை உருட்டி, தூளை அடைத்து, முனையை மடக்கி, நூலைச் சுற்றுகிற அந்தக் கை ஐந்தாறு பீடிக்குள் பாட்டின் அடிக்கு வந்து சேர்ந்துகொண்டது. "இது கைக்குத் தோதா இருக்கு, இன்னொரு மட்டம் போடும்" என்றார்கள். பொருளைச் சொன்னபோது கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, அப்புறம், "போறேன்னு சொல்லிட்டுப் போக அவனுக்கு முடிஞ்சிருக்கு" என்றார்கள்.

பாளையங்கோட்டை, நாசரேத், டோனாவூர் பக்கத்துச் சபைக்காரர்கள் 'பிளெஸ்ஸட் பி த நேம்', 'பிரேயிங் ஆன் தி ஓல்ட் கேம்ப் கிரவுண்ட்' இரண்டையும் தவற விடாதீர்கள். பந்தல் போட்டு ராத்திரி நடத்துகிற கன்வென்ஷன் கூட்டங்களில் கீர்த்தனை பாடி வளர்ந்தவர்களுக்கு இதில் ஒரு உறவு தெரியும். 'கேண்டி மேன்', 'பிக் லெக் ப்ளூஸ்' இரண்டும் இரட்டை அர்த்தப் பாட்டுகள், வார்த்தை தெரிந்துகொண்டு எங்கே போடுவது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். இரண்டாவது அப்போது வெளிவரவும் இல்லை, 12-இல் அது சேராது.

கடைசியாக 'ஆவலான் ப்ளூஸ்'

இதை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்திருக்கிறேன். 1928 டிசம்பர், நியூயார்க். குளிர், தெரிந்த முகம் கிடையாது. ஊர் ஞாபகம் தாங்காமல், ஆவலான் என் சொந்த ஊர், அது எப்போதும் என் நினைப்பிலேயே இருக்கிறது என்ற பொருளில் ஒரு பாட்டைப் பாடிவைத்தார். தட்டு வந்தது, கொஞ்சம் விற்றது, மறந்துபோனது.

1952-இல் ஹாரி ஸ்மித் என்பவர் பழைய தட்டுகளில் இருந்து 84 பதிவுகளைத் தேர்ந்து அமெரிக்க நாட்டார் இசைத் தொகுப்பு ஒன்றை வெளியிட்டார், அதில் ஹர்ட்டின் 'ஃபிராங்கி'யும் 'ஸ்பைக் டிரைவர் ப்ளூஸ்'ம் இருந்தன. இளைஞர்கள் அதைக் கேட்டுக் கேட்டு விரல் தேய வாசித்துப் பார்த்தார்கள், ஆனால் ஆள் இருக்கிறாரா செத்தாரா என்று ஒருவருக்கும் தெரியாது. பிற்பாடு டிக் ஸ்பாட்ஸ்வுட் என்ற சேகரிப்பாளரிடம் 'ஆவலான் ப்ளூஸ்' வந்து சேர்ந்தது. ஊர்ப் பெயர் பாட்டிலேயே இருக்கிறது! அப்போதைய வரைபடங்களில் தேடினால் இல்லை. 1878-ஆம் வருஷத்து அட்லஸ் ஒன்றில் அந்தப் பெயர் இருந்தது. டாம் ஹாஸ்கின்ஸ் என்ற இளைஞர் 1963-இல் காரை எடுத்துக்கொண்டு அங்கே போய், ஜான் ஹர்ட் என்று ஒருவர் இருந்தாரே, தெரியுமா என்று விசாரித்தால், தெரியாமல் என்ன, இந்தப் பாதையில்தான் வீடு என்று கை காட்டுகிறார்கள். அவர் எங்கேயும் போயிருக்கவில்லை. 35 வருஷமும் அங்கேதான் இருந்திருக்கிறார். தயங்கினவரை வற்புறுத்தி வாசிக்கச் சொல்லிப் பார்த்தார் ஹாஸ்கின்ஸ், அதே கட்டைவிரல்.

அந்த ஜூலையிலேயே நியூபோர்ட் நாட்டார் இசை விழா மேடையில் பாடினார், அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காக நீண்ட ஒலிப்பதிவுகள் செய்தார்கள். மூன்றரை வருஷம் அவருக்குக் கிடைத்தது. 1966 நவம்பர் 2-ஆம் தேதி மிசிசிப்பியிலேயே கிரெனடாவில் இறந்தார், ஆவலான் பக்கத்தில்தான் அடக்கம். வேன்கார்ட் கம்பெனி வெளியிட்ட 'டுடே!' தட்டைத்தான் பிந்திய காலத்துக்கு முதலில் எடுக்க வேண்டும். சுத்தமான ஒலி, வேகம் குறைந்திருக்கும், குரலில் ஒரு கனிவு கூடியிருக்கும். 1928-இன் 'லூயிஸ் காலின்ஸ்'ஐயும் அதில் உள்ள 'லூயிஸ் காலின்ஸ்'ஐயும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேளுங்கள். நடுவில் போன 35 வருஷமும் காதில் விழும்.

ஆவலான் என்ற ஒரு சொல் அந்தப் பாட்டில் இல்லாமல் போயிருந்தால் யாரும் அவரைத் தேடிப் போயிருக்க முடியாது. இதை நான் அடிக்கடி நினைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் வீட்டில் ஒரு கேசட் இருந்தது, 1980-களில் எங்கள் ஊர்ச் சுடலைமாடன் கொடையில் ஒரு ரேடியோ கடைக்காரர் பதிவு செய்தது. மேலே நீல மையில் 'கொடை 2' என்று மட்டும் எழுதியிருக்கும். ஒரு பெண் குரல், பின்பாட்டு, ஆனால் அண்ணாவியையே மிஞ்சுகிற குரல். யார், எந்த ஊர்க் குழு, எந்த வருஷம், ஒன்றும் தெரியாது. ஊரில் எல்லாரிடமும் கேட்டாயிற்று, ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். 'கொடை 1'-இல் ஒருவேளை பெயர் சொல்லியிருக்கலாம், அதன் மேல் கடையில் சினிமாப் பாட்டைப் பதிந்துவிட்டார்கள்.

கிட்டார் இருந்தால்

வாசிக்க ஆசைப்படுகிறவர்கள் இடது கையை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். சி கார்டு ஒன்றைப் பிடித்துக்கொண்டு, வலது கையின் மோதிர விரலையும் சுண்டு விரலையும் கிட்டாரின் மேல்பலகையில் லேசாக ஊன்றிக்கொள்ளுங்கள், ஹர்ட் அப்படித்தான் வைப்பார். கட்டைவிரல் மட்டும் ஐந்தாவது தந்தி, நான்காவது தந்தி, ஐந்து, நான்கு. ஒரு வாரம் இது மட்டும். போனில் மெட்ரோனோம், அதாவது சீராக அடி தட்டிக் காட்டுகிற செயலி, வைத்து நிமிஷத்துக்கு 70 அடியில் ஆரம்பியுங்கள். வாசித்துக்கொண்டே வீட்டில் யாரிடமாவது பேசிப் பாருங்கள், மத்தியானம் என்ன குழம்பு என்று கேளுங்கள், அடி நின்றால் இன்னும் ஒரு வாரம். பேச்சோடு பேச்சாகக் கட்டைவிரல் ஓடும் நாளில்தான் ஆள்காட்டி விரலை இரண்டாவது தந்திக்கும் நடுவிரலை முதல் தந்திக்கும் கொண்டுவாருங்கள், முதலில் கட்டைவிரல் விழும்போதே சேர்த்துக் கிள்ளுங்கள், அது பழகியதும் இரண்டு அடிகளுக்கு நடுவே விழுகிற மாதிரி. நிறையப் பேர் இங்கே அவசரப்பட்டு மெட்டுக்குப் போய், மேல்விரல் போகிற பக்கம் கட்டைவிரலும் சேர்ந்து ஓடப் பழகிவிடுகிறார்கள், அதைத் திருத்துவது புதிதாகக் கற்பதைவிடக் கஷ்டம்.

முதல் பாட்டாக 'மை கிரியோல் பெல்' எடுங்கள், பிந்திய பதிவுகளில் இருக்கிறது. சி, எஃப், ஜி கார்டுகள் போதும், மெதுவான பாட்டு. அடுத்து 'லூயிஸ் காலின்ஸ்', அதுவும் சி-யில்தான். 'ஃபிராங்கி' பக்கம் ஒரு வருஷத்துக்குப் போக வேண்டாம்.

போன் இருந்தால்

கிட்டார் இல்லாதவர்களுக்கும் செய்ய ஒன்று இருக்கிறது, நான் இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகவும்தான். உங்கள் தெருவில் வில்லில் பாடியவர், கும்மிப்பாட்டு தெரிந்தவர், நடவுக்குக் குலவையோடு பாடியவர் யாராவது இருப்பார்கள். எல்லாருடைய போனிலும் ஒலிப்பதிவு வசதி இருக்கிறது, 1928-இன் மெம்பிஸ் மைக்கைவிட அது வசதியானது, கழுத்தை விறைக்க வேண்டியதில்லை. மின்விசிறியை அணையுங்கள். போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள், நடுவில் அழைப்பு வந்தால் பதிவு அறுந்துவிடும். கையில் பிடிக்காமல் ஒரு துண்டை மடித்து அதன்மேல், பாடுகிறவர் வாயில் இருந்து ஒரு முழம் தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில் வையுங்கள். தாளம் போடுகிறவரும் இருந்தால் அவரை இன்னும் தள்ளி உட்காரச் சொல்லுங்கள். பாதியில் மறந்துபோனால் நிறுத்த வேண்டாம், யோசிப்பதும் பதிவாகட்டும், அந்த நேரத்தில்தான் யாரிடம் கற்றோம் என்பதெல்லாம் வாயில் வரும். வெளியே யாருக்கும் அனுப்பும் முன் அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பாளையங்கோட்டையில் தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியல் துறை இருக்கிறது, நல்லதாக ஏதாவது கிடைத்தால் அங்கே போய்க் காட்டலாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால், பாட்டு தொடங்குவதற்கு முன், பெயர், ஊர், தேதி மூன்றையும் பாடுகிறவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். கோப்பின் பெயராக எழுதிவைத்தால் போதாது, போன் மாறும்போது அது போய்விடும், குரலுக்குள் இருந்தால் போகாது. குடம் அடித்த பெரியப்பாவை நான் பதிவு செய்தபோது எடுத்த எடுப்பில் ஒரு சேவல் கூவும், அப்புறம் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு தன் பெயர், அப்பா பெயர், ஊர், ஆத்துக்கு எந்தப் பக்கம், எந்தக் கோயிலுக்கு மேற்கே என்பது வரை சொல்லுவார். நான் ஊர்ப் பெயரோடு நிறுத்தச் சொல்லியிருந்தேன். "இருக்கட்டும்ல, தேடி வாரவன் தடுமாறக் கூடாது" என்று அதையும் பதிவிலேயே சொல்லியிருக்கிறார்.